கண்ணடியில் அடிபடுவது யார்?

குமுளி மலைச்சாலை ஏறத் தொடங்கும் அடிவாரத்தில், ஆங்கிலத்தையே ஊர்ப்பெயராகச் சூடிக்கொண்டிருக்கிறது லோயர் கேம்ப். பெரியாற்று அணையின் நீர் மலையிலிருந்து குழாய்வழி இறங்கி மின்சாரமாகும் இடம் என்றும், பென்னிகுவிக் மணிமண்டபம் இருக்கும் ஊர் என்றும் நாம் அறிந்த ஊர்தான். சொல்லாசை கொண்டவருக்கு அங்கே இன்னொரு செல்வமும் உண்டு. விடியற்காலையில் ஏலத்தோட்ட வேலைக்கு ஜீப்பேறி மலைக்குப் போய், பொழுது சாய்ந்ததும் திரும்பும் மக்கள் இரண்டு மொழிகளைக் காதில் வாங்கி வருகிறார்கள். ஒற்றைக் கண்ணை ஒரு கணம் மூடித் திறக்கும் குறும்புக்கு அடிவாரத்தில் ‘கண்ணடிச்சான்’ என்று பெயர். அதே குறும்பு மேலே மலையாளம் புழங்கும் குமுளியில் ‘கண்ணிறுக்கி’ ஆகிவிடுகிறது.

இந்த ‘அடி’யைச் சற்று நின்று கேளுங்கள். கண்ணடிப்பவன் யாரையும் தொடுவதில்லை; ஆனாலும் தமிழ் அதை அடி என்கிறது. நம் பேச்சில் வெயில் அடிக்கிறது, மணி அடிக்கிறது, மல்லிகை வாசம் அடிக்கிறது. ஆடி மாதத்தில் கணவாய் வழியே இறங்கும் காற்றும் கம்பம் பள்ளத்தாக்கில் அடிக்கத்தான் செய்கிறது. இவை எல்லாவற்றிலும் ஏதோ ஒன்று ஓரிடத்தில் கிளம்பி இன்னொருவர் மேல் வந்து சேர்கிறது. சேர்ந்த இடத்தில் உறைக்கவும் செய்கிறது. கொண்டை ஊசி வளைவில் எதிரே வரும் வண்டிக்கு விளக்கைத் தணித்து ஏற்றிக் காட்டும் ஓட்டுநர் ‘டிம் அடிச்சேன்’ என்கிறாரே, அவர் வாயில் அந்தப் பழைய வினை புத்தம் புதிதாக இயங்குகிறது. கண்ணடியும் அவ்வாறு ஒருவரிடம் கிளம்பி இன்னொருவரிடம் போய் விழுவது. மலையாளத்தின் ‘இறுக்கு’ கண்ணடிப்பவரின் முகத்தை உற்றுப் பார்த்து, அங்கே தசை இறுகுவதைச் சொல்கிறது. தமிழ் எதிரே நிற்பவரின் பக்கம் வந்து நின்றுகொண்டு பெயர் வைத்திருக்கிறது என்பேன்.

தமிழ் இதில் தனித்தும் நிற்கவில்லை. தெலுங்கில் இது ‘கன்னு கொட்டு’. நாம் மேளத்தைக் கொட்டுகிறோமே, அந்தக் கொட்டுதான். கன்னடத்தில் ‘கண்ணு ஹொடெ’. பகரம் ஹகரமாகும் அம்மொழியின் வழக்கம் தெரிந்தவர்க்கு, ஹொடெயின் முதல் வடிவம் ‘பொடெ’ என்பதும், நம் வீட்டு முறம் தானியத்தைப் புடைக்கும் ‘புடை’யோடு அது உறவு என்பதும் விளங்கிவிடும். தெலுங்கும் கன்னடமும் வீட்டுமொழியாகக் கொண்ட குடும்பங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றன. ஆக, அடி, கொட்டு, புடை என்னும் மூன்று வினைகளின் உறவும் இந்த ஒரே பள்ளத்தாக்கில் புழங்குகிறது. 2018 பிப்ரவரியில் ‘ஒரு அடார் லவ்’ என்ற மலையாளப் படத்தின் பாட்டில் பிரியா பிரகாஷ் வாரியர் கண்ணடித்தது நாடெங்கும் பரவி, அதன் பேரில் எழுந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் ரத்தானதே, அப்போது மலைக்கு மேலே கண்ணிறுக்கல் என்று பேசப்பட்டது கீழே கண்ணடியாகவே பேசப்பட்டது.

‘சிமிட்டு’ இதைவிட மென்மையான சொல். தொட்டிலில் கிடக்கும் பிள்ளை கண்ணைச் சிமிட்டும், தூசி விழுந்தாலும் சிமிட்டுவோம், விண்மீனும் சிமிட்டும். மலையாளத்தார் இதற்குக் ‘கண்ணு சிம்முக’ என்பார்கள். உதடுகள் மூடித் திறந்தால்தான் பிறக்கும் மகரம் இரண்டு சொற்களுக்கும் நடுவே அமர்ந்திருப்பதை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். இமை செய்வதை உதடு செய்துவிடும். குங்குமச் சிமிழின் மூடியும், வேடன் பறவையைப் பிடிப்பதற்கு வள்ளுவர் ஆண்ட ‘சிமிழ்த்தல்’ என்னும் வினையும் என் காதில் இதே குடும்பத்து ஓசையாகவே விழுகின்றன.

இந்த வரிசையில் மூத்தது இமை. பெயராக நின்றால் கண்ணின் மூடி, வினையானால் அதன் அசைவு. சங்கப் பாட்டில் ஒளி விட்டு விட்டு மின்னுவதும் இமைத்தல்தான். தொல்காப்பியர் எழுத்தின் ஒலியளவை வகுக்க வந்தபோது கண்ணிமையையும் கைநொடியையும் அளவுகோலாகக் கொண்டார். ‘மாத்திரை’ என்ற பெயர் வடமொழியிலிருந்து வந்தது. அதை அளக்கும் கோலோ தமிழரின் முகத்திலும் விரலிலும் இருந்தது. நன்னூலார் இன்னும் நுணுக்கமாக, இயல்பாக எழும் இமைப்பையே கணக்கில் கொள்ளச் சொன்னார். வேண்டுமென்று இமைப்பவன் நேரத்தை நீட்டவும் குறுக்கவும் வல்லவன் அல்லவா? தானாக நிகழும் இமைப்பையும் மனம்வைத்துச் செய்யும் கண்ணடியையும் பிரிக்கும் கோடு அங்கேயே விழுந்துவிட்டது. தேவர்க்கு ‘இமையார்’, ‘இமையவர்’ என்று பெயர் வந்தது அவர்கள் கண் இமைக்காது என்பதால். நளவெண்பாவில் நளன் உருவிலேயே தேவர்கள் வந்து அமர்ந்திருக்க, தமயந்தி உண்மையான நளனை அடையாளம் கண்டதில் அவன் கண் இமைத்ததற்கும் பங்கு உண்டு.

ஆங்கிலத்தின் ‘விங்க்’ முதலில் இரு கண்களையும் மூடுவதைக் குறித்த சொல்; ஒற்றைக் கண் குறும்பு அதில் பிறகு வந்து ஏறியது. நாற்பது ‘விங்க்’ என்றால் குட்டித் தூக்கம் என்று அவர்கள் சொல்வது அந்தப் பழம்பொருளின் எச்சம். நாம் அதற்குக் கண்ணயர்தல் என்றும் கோழித்தூக்கம் என்றும் வேறு சொற்கள் வைத்திருக்கிறோம். பிறர் குற்றத்தைப் பாராதவர்போல விட்டுவிடுவதற்கும் ஆங்கிலத்தில் இதே வினைதான். 1611 ஆம் ஆண்டின் ஆங்கில விவிலியத்தில், மனிதர் அறியாமையில் கிடந்த காலத்தைக் கடவுள் ‘விங்க்’ செய்து விட்டதாக ஓரிடம் வருகிறது. அந்த வசனத்தைத் தமிழாக்கியவர்கள் கண்ணையும் இமையையும் விட்டுவிட்டு, அவர் காணாதவரைப் போல் இருந்ததாக எழுதினார்கள். பிள்ளை செய்த தப்புக்குப் பரிந்து பேச வரும் அத்தை, ‘கண்டும் காணாம இருங்கண்ணே’ என்று சொல்வதும் இதே நடைதான்.