ஓலை தேடிய அவையும் மின்னாவணம் தேடுவோரும்

வழக்கு என்றவுடன் வழக்கறிஞரின் வாதத்தையும் நீதிபதியின் தீர்ப்பையுமே பலரும் நினைப்பர். இவ்விரண்டிற்கும் முன்னதாக நடந்து முடியவேண்டிய வேலை ஒன்றுண்டு. அதுவே ஆவணந் தேடுதல். கடிதமும் கணக்கும் கணினிக்குள் புகுந்துவிட்ட இந்நாளில், அவ்வேலை மின்னாவணத் தேடல் என்னும் தனித்தொழிலாக வளர்ந்திருக்கிறது. வழக்கறிஞரும் கணினி வல்லுநரும் மொழியறிந்தோரும் ஒன்றுகூடி, இலட்சக்கணக்கான மின்னஞ்சல்களிலிருந்து வழக்கிற்கு உரியவற்றைப் பிரித்தெடுக்கின்றனர். கண்ணும் கழுத்தும் நோகச் செய்யும் இப்பணியைப் பலர் விரும்பிச் செய்வது ஏன்? இக்கேள்விக்கு விடைகாண, தமிழரின் பழைய நீதியவை ஒன்றுக்குள் முதலில் நுழைவோம்.

கி.பி. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய பெரியபுராணத்தில் திருவெண்ணெய்நல்லூர் அவை வருகிறது. நம்பியாரூரரின் திருமணத்தன்று முதியவர் ஒருவர் புகுந்து, “இவன் என் அடிமை” என்கிறார். ஆரூரர் அவர் கையிலிருந்த ஓலையைப் பறித்துக் கிழித்துவிடுகிறார். வழக்கு அவைக்கு வருகிறது. ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி ஆகிய மூன்றில் ஒன்றைக் காட்டுமாறு அவையோர் முதியவரைக் கேட்கின்றனர். கிழிபட்டது படியோலையே என்றும், மூலவோலை தம்மிடம் உள்ளது என்றும் கூறி அவர் அதனை நீட்டுகிறார். கரணத்தான் வாங்கிப் படிக்கிறான். சாட்சிக் கையெழுத்திட்டோர் அது தம் எழுத்தே என்கின்றனர். அதனோடும் அவை அமையவில்லை. ஆரூரரின் பாட்டனார் எழுதிய வேறோர் ஏட்டைக் காப்பிலிருந்து வருவித்து, இரண்டு எழுத்தையும் ஒப்பு நோக்கிய பிறகே தீர்ப்பளிக்கிறது.

இந்நிகழ்ச்சியை அருள் வரலாறாகப் போற்றுவோர் பலர். அதனோடு, சேக்கிழார் காலத்துத் தமிழர் அறிந்திருந்த நீதிமுறையும் இதில் விளங்குகிறது. மூலம் வேறு, படி வேறு என்று அவர்கள் கண்டிருந்தனர். பழைய ஏடுகளைத் தேடி எடுக்கத்தக்க காப்பில் வைத்திருந்தனர். எல்லாவற்றிற்கும் மேலாக, மணக்கோலத்தில் நின்ற இளைஞர்மேல் ஊரார் கொண்ட அன்பும், வழக்காடியவர் முன்பின் அறியாதவர் என்பதும் அங்கே எடுபடவில்லை. எழுத்தே பேசிற்று.

இன்று மின்னாவணம் தேடுவோர் அடையும் முதல் மகிழ்ச்சியும் இதுவே. பெரிய நிறுவனமாயினும் எளிய ஊழியராயினும், என்றோ எழுதிய இரண்டு வரி உண்மையைக் காட்டிவிடும். இதற்கு இடமளித்துச் சட்டங்களும் மாறின. மலேசியாவின் 1950ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தில் கணினி ஆவணம் பற்றிய 90ஏ பிரிவு 1993இல் சேர்க்கப்பட்டது. அமெரிக்கக் கூட்டரசு நீதிமன்றங்களின் உரிமையியல் விதிகள் 2006 டிசம்பரில் மின்னணுத் தகவலைப் பெயர் சொல்லியே ஏற்றன. 2012இல் நடைமுறைக்கு வந்த மலேசிய நீதிமன்ற விதிகளின் 24ஆம் கட்டளை, ஆவணங்களை எதிர்த்தரப்பிற்குக் காட்டும் முறையை வகுக்கிறது.

இரண்டாவது மகிழ்ச்சி மொழியால் வருவது. அமெரிக்க ஆய்வாளர்களான பிளேர், மாரோன் இருவரும் 1985இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். விபத்து பற்றிய ஒரு வழக்கிற்காக ஏறத்தாழ 40,000 ஆவணங்கள், அதாவது 3,50,000 பக்கங்கள், கணினியில் ஏற்றப்பட்டிருந்தன. தேவையானவற்றில் 75 விழுக்காட்டையாவது கண்டுவிட்டதாக வழக்கறிஞர்கள் நம்பினர். சோதித்துப் பார்த்தபோது கிடைத்திருந்தது சுமார் 20 விழுக்காடே! காரணம் யாதெனில், ஒரு சாரார் ‘விபத்து’ என்று எழுதியதை மறுசாரார் ‘நிகழ்ச்சி’ என்றும் ‘நிலைமை’ என்றும் ‘சிக்கல்’ என்றும் எழுதியிருந்தனர். சொல்லைத் தேடிய கணினிக்குப் பொருள் அகப்படவில்லை. எவர் எதனை எச்சொல்லால் மறைப்பார் என்று உணர்பவனுக்கே அது அகப்படும். ஒருபொருட் பன்மொழியைக் கற்பிக்கும் தமிழாசிரியர்க்கு இதனை விளக்கவும் வேண்டுமோ? புதிய வழக்குதோறும் புதிய துறையையும் அதன் பேச்சையும் கற்கிறோம் என்பதே இத்தொழிலைச் சலிப்பின்றிச் செய்விக்கிறது.

இச்செய்தி நமக்கு எட்டாத தூரத்தில் உள்ளதன்று. கிள்ளானிலிருந்து பந்திங் செல்லும் சாலையில் உள்ளது தெலுக் பங்லிமா காராங். அதனைச் சூழ்ந்தும் அருகே கேரித் தீவிலும் இருந்த தோட்டங்களில் நம்மவர் தலைமுறை தலைமுறையாக உழைத்தனர். பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டுக் கிராணி செக்ரோலில் குறித்த பதிவே பலருடைய வாழ்க்கைக்கு எழுத்துச் சான்று. அந்தப் பெயரோ ரோமன் எழுத்தில் கேட்டவாறு எழுதப்பட்டது. கருப்பையா ஓர் ஏட்டில் ‘கே’ எழுத்திலும் மற்றோர் ஏட்டில் ‘சி’ எழுத்திலும் தொடங்குவார். தந்தை பெயர் ஓரிடத்தில் இருக்கும், ஓரிடத்தில் விடுபடும். ஒரே மனிதர் ஏட்டில் மூவரானார்.

இதன் விலை சிறிதன்று. 1957இல் நாடு விடுதலை பெற்றபின், இங்குப் பிறவாதவர் குடியுரிமை பெறத் தாம் இந்நாட்டில் வாழ்ந்த ஆண்டுகளைக் காட்டவேண்டியிருந்தது. 1968ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம், குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும் என்றது. பல்லாண்டு பால் வெட்டிய கைகள் ஒரு தாள் இல்லாமையால் வெறுங்கைகளாயின. கப்பலேறித் தமிழகம் திரும்பியோரும் பலர். திருவெண்ணெய்நல்லூரில் ஒருவரை அடிமையென நாட்ட ஓர் ஓலை இருந்தது; இங்கோ பலரைக் குடிமகன் என நாட்ட ஓர் ஏடு கிடைக்கவில்லை.

பின்னர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் பட்டணம் சேர்ந்தபோது, அலுவலக ஏடுகள் பலவும் கரையானுக்கு இரையாயின. எஞ்சியவற்றுள் தமிழ்ப்பள்ளிகளின் சேர்க்கைப் பதிவேடுகள் முக்கியமானவை. பிறந்த நாள், தந்தை பெயர், தோட்டத்தின் பெயர் ஆகியவை ஒரே வரியில் அங்கே உள்ளன. பிறப்புப் பத்திரமின்றி அல்லற்படும் ஒருவருக்கு அவ்வரி துணைச் சான்றாகக்கூடும். அவற்றைப் படமெடுத்துக் கணினியில் ஏற்றினால் மட்டும் போதாது. பலவாறு எழுதப்பட்ட பெயர்கள் ஒருவரையே குறிக்கின்றன என்று கண்டு இணைக்கவேண்டும். தமிழ்ப் பெயரின் ஒலியறிந்தவரே அதனைப் பிழையின்றிச் செய்யவல்லார்.

மின்னாவணத் தேடலைத் தொழிலாகக் கொள்ள விரும்பும் நம் மாணவர்க்குச் சட்டமும் கணினியும் வேண்டும். அவற்றோடு மொழிநுட்பமும் வேண்டும் என்பதை ஆசிரியர்கள் எடுத்துரைத்தல் நன்று. காணாமற்போன ஒரு வரியைக் கண்டெடுத்து அதற்குரியவர் கையில் சேர்ப்பதைவிட ஓர் ஏடறிந்தவனுக்கு வேறு என்ன இன்பம் உண்டு? அவ்வின்பம் அவனுக்குக் கிட்டவேண்டுமாயின், ஏடு முதலில் காப்பில் இருக்கவேண்டும். அது இன்றைய ஆசிரியரின் கையில் உள்ளது.