படம் எடுத்தால் ஆய்வு ஆகுமா?

ஆய்வு என்றதும் தடித்த அட்டை போட்ட ஏடுதான் பலருக்கும் நினைவு வரும். அடிக்குறிப்பும் மேற்கோளும் இருந்தால்தான் அது ஆய்வு. ஒரு விரிவுரையாளர் கேமராவோடு போய்த் திரும்பி வந்து, ஒரு படத்தைப் போட்டுக் காட்டி, "இதுதான் என் ஆய்வு" என்றால் பல்கலைக்கழகம் ஒப்புக்கொள்ளுமா? அதை மதிப்பிடுவது யார்?

எழுத்துக்கு இதற்கு வழி இருந்தது. 1665இல் லண்டனில் ஹென்றி ஓல்டன்பர்க் ஓர் அறிவியல் இதழைத் தொடங்கினார். 1752இல் அரச கழகம் அதைத் தன் பொறுப்பில் எடுத்து, கட்டுரைகளைத் தேர்வு செய்ய ஒரு குழுவை அமைத்தது. சக அறிஞர் மதிப்பீடு என்று இன்று சொல்லப்படுவது இப்படிப் படிப்படியாக வளர்ந்ததுதான். எழுதியவர் பெயரை மறைத்துவிட்டுக் கட்டுரையை மட்டும் அனுப்பலாம். படத்தில் அது எப்படி முடியும்? குரல் காட்டிக் கொடுத்துவிடும். முகம் காட்டிக் கொடுத்துவிடும்.

பிரிட்டனில் 1992இல் பலதுறைத் தொழிற்கல்லூரிகள் பல்கலைக்கழகங்களாயின. அவற்றில் படம் எடுக்கக் கற்பித்தவர்களும் ஒரே நாளில் ஆய்வாளர் வரிசைக்கு வந்தார்கள். லண்டன் ரீஜண்ட் தெருவில் உள்ள ஒன்று வெஸ்ட்மின்ஸ்டர் பல்கலைக்கழகம் ஆனது. லூமியேர் சகோதரர்களின் படம் 1896 பிப்ரவரியில் பிரிட்டிஷ் மக்களுக்கு முதன்முதலில் காட்டப்பட்டது அந்தக் கட்டடத்தில்தான்!

ஆய்வின் தரத்தைப் பொறுத்துத்தான் அரசாங்க மானியம். ஆகவே படத்துக்கும் தரம் போட வேண்டியதாயிற்று. படத்தோடு 300 சொற்களுக்கு மிகாத விளக்கம் தரலாம் என்றது 2014ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் மதிப்பீடு. ஆஸ்திரேலியா 2010இல் 250 சொற்கள் கேட்டது. சிக்கல் இங்கேதான். நன்றாக எழுதத் தெரிந்தவரின் சுமாரான படம் தப்பித்துக்கொள்ளும். நல்ல படத்தை எடுத்துவிட்டு நாலு வரி எழுதத் திணறுபவர் பின்தங்குவார். படத்துக்கு மதிப்பெண்ணா, விளக்கத்துக்கா?

2007இல் பிரிட்டனில் 'ஸ்கிரீன்வொர்க்ஸ்' ஒரு புது வழியைக் காட்டியது. படம், அதை எடுத்தவரின் விளக்கம், மதிப்பீட்டாளர்களின் கருத்து ஆகிய மூன்றையும் சேர்த்தே வெளியிட்டது. 2014இல் அமெரிக்காவில் தொடங்கிய 'இன் டிரான்சிஷன்' இதழ், மதிப்பீட்டாளர் பெயரையும் போட்டது. மறைவில் இருந்து குறை சொல்லும் பழக்கத்துக்கு இது நல்ல மருந்து.

ஆனால் பெயர் போடவே முடியாத ஒரு படமும் வந்தது. ஜோஷுவா ஓப்பன்ஹைமர் 2001 முதல் வட சுமத்ராவில் செம்பனைத் தோட்டத் தொழிலாளர்களோடு பணியாற்றியவர். 1965, 66இல் இந்தோனேசியாவில் நடந்த படுகொலைகளில் 5 இலட்சம் பேராவது மாண்டனர் என்பது பொதுவான கணிப்பு. கொன்றவர்கள் மேடானில் தலைநிமிர்ந்து நடமாடினார்கள். அவர்களையே தங்கள் செயலை நடித்துக் காட்டச் செய்தார் அவர். 'தி ஆக்ட் ஆஃப் கில்லிங்' 2012இல் வெளியானது. வெஸ்ட்மின்ஸ்டர் பல்கலைக்கழகத்தின் ஆய்வுத் திட்டத்தோடு சேர்ந்த படம் இது. 2014இல் பாஃப்தா விருது பெற்றது.

படத்தின் இறுதியில் பெயர்ப்பட்டியல் ஓடுகிறது. இணை இயக்குநர் ஒருவர், ஓட்டுநர், ஒலிப்பதிவாளர் என்று வரிசையாக இந்தோனேசியக் கலைஞர்கள் வருகிறார்கள். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் மீண்டும் மீண்டும் ஒரே சொல்: 'அனோனிமஸ்'. ஆய்வேட்டில் மதிப்பீட்டாளர் பெயரை மறைப்பது நாகரிகத்துக்காக. இவர்கள் மறைத்தது உயிருக்குப் பயந்து.