செத்துச் செத்து விளையாடு

ஒரு சதுரம். அதற்குக் கண் உண்டு, வாய் உண்டு, கை கால் கிடையாது. இடமிருந்து வலமாக வழுக்கிக்கொண்டு போகிறது. நிறுத்த முடியாது. வேகத்தைக் குறைக்க முடியாது. ஐயோ என்று திரும்பி ஓடவும் முடியாது. உங்களால் ஆகக்கூடியது ஒன்றே ஒன்றுதான். திரையைத் தொட்டால் சதுரம் குதிக்கும்.

எதிரே முள். குதித்தால் தப்பித்தீர்கள். ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு தாமதித்தால் தீர்ந்தது கதை. சதுரம் சுக்குநூறாகும். பாட்டு நின்றுபோகும். அடுத்த நொடியே முதலிலிருந்து ஆரம்பம், பாட்டும் முதலிலிருந்து. நூற்றுக்கு எத்தனை சதவீதம் தாண்டினீர்கள் என்று திரை காட்டும். 98-ல் செத்தவனுக்கும் 2-ல் செத்தவனுக்கும் வித்தியாசம் கிடையாது. இரண்டு பேரும் பூஜ்யத்திலிருந்துதான் கிளம்ப வேண்டும்.

2013 ஆகஸ்டில் வெளியான ஜியோமெட்ரி டேஷ் என்கிற செல்போன் விளையாட்டு இது. ஸ்வீடனைச் சேர்ந்த ராபர்ட் டோபாலா என்கிற ஒற்றை ஆள் செய்தது. பெரிய கம்பெனி இல்லை, விளம்பரப் பட்டாளம் இல்லை. முதலில் ஜியோமெட்ரி ஜம்ப் என்றுதான் பெயர் யோசித்திருக்கிறார். ஆண்ட்ராய்டு போனில் அந்த விளையாட்டின் உள்பெயரைத் தோண்டிப் பார்த்தால், இன்னமும் 'ஜம்ப்'தான் இருக்கிறது.

சரி, காசும் கொடுத்து, உயிரையும் விட்டு, ஒரே இடத்தில் ஆயிரம் தடவை முட்டிக்கொள்வதற்கு மனுஷனுக்கு என்ன தலையெழுத்து? இதற்குப் பதில் வேண்டுமென்றால் முப்பது, நாற்பது வருஷம் பின்னால் போகவேண்டும். கூடவே கொஞ்சம் கணக்குப் புத்தகத்தையும் புரட்ட வேண்டும்.

* * *

வீடியோ கேம் கஷ்டமாக இருந்ததற்கு ஆரம்பத்தில் ஒரே காரணம்தான். சில்லறை.

1978-ல் ஜப்பானின் டைட்டோ கம்பெனி 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' கொண்டுவந்தது. 1981-ல் நின்டென்டோவின் 'டாங்க்கி காங்' வந்தது. குதித்துக் குதித்து மேலே போகிற பிளாட்ஃபார்ம் விளையாட்டு வகைக்குப் பிள்ளையார் சுழி போட்டது அதுதான். உருவாக்கியவர் ஷிகெரு மியாமோட்டோ. இவையெல்லாம் கடையில் நிற்கிற பெரிய பெட்டிகள். அமெரிக்காவில் 25 சென்ட் நாணயம் போட்டால் விளையாடலாம். செத்தால் அடுத்த நாணயம்.

இப்போது கடைக்காரர் இடத்தில் உட்கார்ந்து யோசியுங்கள். ஒரே நாணயத்தில் ஒருத்தன் ஒரு மணி நேரம் நின்று விளையாடினால் வாடகைக்கு எங்கே போவது? சீக்கிரம் சாக வேண்டும். ஆனால் 'அடடா, இன்னும் கொஞ்சம்தான் பாக்கி இருந்தது' என்கிற நினைப்போடு சாக வேண்டும். அப்போதுதான் அடுத்த நாணயம் விழும். ஆக, கஷ்டம் என்பது அங்கே கல்லாப்பெட்டி விவகாரம்.

1985-ல் வந்த 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' வீட்டுக்குள் நுழைந்த விளையாட்டு. வீட்டில் நாணயம் போட வேண்டாம். ஆனாலும் கஷ்டம் போகவில்லை. ஏன் என்றால், அந்த மொத்த விளையாட்டே சுமார் 40 கிலோபைட்தான். இன்றைக்கு ஒரு சுமாரான புகைப்படம்கூட அதற்குள் அடங்காது. அத்தனை சின்ன சரக்கை ஒரே சாயங்காலத்தில் முடித்துவிட்டால், வாங்கிக் கொடுத்த அப்பா சும்மா விடுவாரா? மாதக்கணக்கில் இழுக்க வேண்டுமென்றால் தடுக்கி விழவைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

அதிலும் ஓர் எல்லை இருந்தது. 1986-ல் ஜப்பானில் மாரியோவின் இரண்டாம் பாகம் வந்தது. தின்றால் பலம் தருகிற காளானுக்குப் பக்கத்தில், தின்றால் ஆளையே காலி பண்ணுகிற விஷக் காளானையும் வைத்திருந்தார்கள். அமெரிக்க வாடிக்கையாளர் இதைத் தாங்கமாட்டார் என்று அங்கே விற்கவே இல்லை. வேறொரு விளையாட்டுக்கு மாரியோ வேஷம் கட்டி, 1988-ல் இதுதான் இரண்டாம் பாகம் என்று விற்றார்கள். ஒரிஜினல் அமெரிக்கா போய்ச் சேர்ந்தது 1993-ல்தான்.

* * *

2000-க்குப் பிறகு நிலைமை மாறியது. கம்பெனிக்காரர்கள் கஷ்டத்தைக் குறைத்துக்கொண்டே போக, அதைக் கையில் எடுத்தவர்கள் தனியாட்கள்.

அமெரிக்காவில் டாம் ஃபல்ப் என்பவர் 1995-ல் ஆரம்பித்த நியூகிரவுண்ட்ஸ் என்கிற இணையதளம் இவர்களுக்கெல்லாம் சத்திரம் சாவடி மாதிரி. யார் வேண்டுமானாலும் தான் செய்த விளையாட்டைக் கொண்டுவந்து வைக்கலாம். 2008-ல் 'மீட் பாய்' என்ற விளையாட்டு அங்கேதான் வந்தது. அதன் பெரிய வடிவம் 2010-ல் 'சூப்பர் மீட் பாய்' என்று கடைக்கு வந்தது. பயங்கரக் கஷ்டம். ஆனால் செத்த மறுகணமே எழுந்து ஓடலாம். காத்திருப்பு இல்லை, காசு இல்லை, 'ஆட்டம் முடிந்தது' என்ற அறிவிப்புகூட இல்லை.

இந்த இடத்தைக் கவனியுங்கள். சாவின் விலை 25 சென்ட்டிலிருந்து பூஜ்யத்துக்கு வந்துவிட்டது. விலை இல்லாத சாவு எத்தனை வந்தால் என்ன?

2009-ல் ஃப்ளூக்ட்யூட் என்ற பெயரில் ஒருவர் 'தி இம்பாஸிபிள் கேம்' வெளியிட்டிருந்தார். ஓர் ஆரஞ்சு சதுரம், முக்கோண முட்கள், ஒரே பொத்தான், பின்னணியில் திமுதிமுவென்று ஒரு பாட்டு. ஜியோமெட்ரி டேஷின் தாத்தா யார் என்று இதற்குமேல் கேட்க வேண்டியதில்லை.

* * *

நியூகிரவுண்ட்ஸில் விளையாட்டு மட்டுமல்ல, 2003-லிருந்து பாட்டுக்கும் தனிப் பகுதி இருந்தது. படுக்கையறையில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு எலக்ட்ரானிக் நடன இசை செய்த பொடியன்கள் கொண்டுவந்து கொட்டினார்கள். ராபர்ட் தன் முட்களுக்கு அங்கிருந்துதான் பாட்டு எடுத்தார். முதல் லெவலான 'ஸ்டீரியோ மேட்னெஸ்' ஃபாரெவர்பவுண்ட் என்ற புனைபெயர்க்காரருடையது.

ஏன் இந்த இசை? வேறு எதையாவது போட்டிருக்கக் கூடாதா?

கூடாது. கையால் டிரம்ஸ் அடிக்கிறவர் உற்சாகத்தில் கொஞ்சம் முந்துவார், களைப்பில் கொஞ்சம் பிந்துவார். அதுதான் அழகும்கூட. ஆனால் 1980-களின் ஆரம்பத்தில் சிகாகோவின் கிளப்களில் பிறந்த ஹவுஸ் இசை, மெஷின் டிரம்மை நம்பி வளர்ந்தது. ஜப்பானின் ரோலண்ட் கம்பெனி 1980-ல் டிஆர்-808, 1983-ல் டிஆர்-909 என்று இரண்டு பெட்டிகள் போட்டது. முதல் தட்டுக்கும் ஆயிரமாவது தட்டுக்கும் மயிரிழைகூட மாற்றம் இருக்காது. அந்த வம்சத்தில் வந்தவைதான் நியூகிரவுண்ட்ஸ் பாட்டுகளும்.

சதுரமும் அப்படித்தான். சாதாரண வேகத்தில் நொடிக்கு ஏறக்குறைய பத்துக் கட்டம் நகரும். நிமிடத்துக்கு 160 தட்டு உள்ள ஒரு பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் இடைவெளி 0.375 நொடி. அதற்குள் சதுரம் ஏறத்தாழ நாலு கட்டம் போயிருக்கும். ஆக, நாலு கட்டத்துக்கு ஒரு முள் வைத்தால், ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு குதி. நேரமும் தூரமும் ஒன்றாகிவிட்டது. ஆச்சா?

இன்னொரு கணக்கும் இருக்கிறது. கண் பார்த்து, மூளை புரிந்துகொண்டு, விரல் அசைய, கிட்டத்தட்ட கால் நொடி ஆகும். அதற்குள் சதுரம் இரண்டரைக் கட்டம் போய்விடும். வரிசையாக முள் வருகிற இடத்தில், பார்த்துவிட்டுக் குதிக்கலாம் என்று இருந்தால் சங்குதான். வருவது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். அதைச் சொல்லித் தருவது பாட்டு. இங்கே வழிகாட்டி கண்ணல்ல, காது.

* * *

அதே 2013-ல் செல்போனில் வேறு என்ன நடந்துகொண்டிருந்தது என்று பார்த்தால்தான் ராபர்ட்டின் வியாபாரம் புரியும்.

'கேண்டி க்ரஷ்' உச்சத்தில் இருந்த நேரம். அதில் ஐந்து உயிர். தீர்ந்துபோனால் அரை மணிக்கு ஓர் உயிராகக் காத்திருக்க வேண்டும். பொறுமை இல்லையா, காசு கொடு. நாணயப் பெட்டியின் பேரன் அது. வியட்நாமில் டாங் நூயென் என்ற இளைஞர் அந்த வருஷம் மே மாதம் 'ஃப்ளாப்பி பேர்ட்' வெளியிட்டார். அதுவும் ஒரே தொடுகை, அதுவும் கொடூரக் கஷ்டம். விளம்பரத்தில் ஒரு நாளைக்கு 50,000 டாலர் வருகிறது என்று செய்தி வந்த கொஞ்ச நாளில், 2014 பிப்ரவரியில், ஜனங்கள் இதற்கு அடிமையாகிறார்கள் என்று சொல்லித் தானே தூக்கிவிட்டார்.

ராபர்ட் செய்தது பழைய மளிகைக்கடை வியாபாரம். 1.99 டாலர், ஒரே தடவை. அதற்குப் பிறகு எத்தனை தடவை செத்தாலும் இலவசம். புதுப் பதிப்பு வந்தாலும் மறுபடி காசு இல்லை. அப்புறம் எப்படி அது பத்து வருஷத்துக்கு மேல் தாக்குப்பிடித்தது?

முட்களை அடுக்குகிற கருவியை வாங்கியவர்கள் கையிலேயே கொடுத்துவிட்டார். நீங்களே லெவல் கட்டலாம். 2014-ல் நியூகிரவுண்ட்ஸ் பாட்டுகளையும் அதில் சேர்த்துக்கொள்ளலாம் என்று திறந்துவிட்டார். ஒரே ஒரு நிபந்தனை. எத்தனை கொடூரமான லெவல் வேண்டுமானாலும் கட்டு. ஆனால் யார் பதிவேற்றுகிறாரோ, அவர் அதை முதலில் தானே முழுக்க ஆடி முடிக்க வேண்டும். சமைத்தவனே முதல் கவளத்தைச் சாப்பிடு என்பது மாதிரி.

இந்த ஒரே விதி ஒரு பெரிய போட்டியையே கிளப்பிவிட்டது. 2015-ல் ரயட் என்ற ஆட்டக்காரர் 'ப்ளட்பாத்' என்ற லெவலை முடித்து வெளியிட்டார். பல பேர் சேர்ந்து கட்டிய நரகம். அதை முடித்தவன் யார் என்பதே உலகெங்கும் இருந்த பையன்களுக்குச் செய்தியானது. அதைவிடக் கஷ்டமானது வந்தது, அப்புறம் அதையும்விட. ஒரே லெவலுக்குப் பல்லாயிரம் சாவு என்பது இன்று சகஜம்.

புகழ் வந்தால் போலியும் வரத்தானே செய்யும்? வேகத்தைக் குறைத்து ஆடி, படத்தை மட்டும் ஓட்டிக் காட்டியவர்கள் மாட்டினார்கள். இப்போது பாயின்டர்கிரேட் என்ற பட்டியலை ரசிகர்களே நடத்துகிறார்கள். வெட்டாத வீடியோ கொடு, மவுஸ் தட்டுகிற சத்தம் கேட்கவேண்டும் என்றெல்லாம் ஆதாரம் கேட்கிறார்கள். பரிசுப் பணம் இல்லாத ஒரு பெருமைக்கு இத்தனை தணிக்கை.

* * *

2017 ஜனவரியில் 2.1 பதிப்பு வந்தது. அடுத்த பெரிய பதிப்பான 2.2 வந்தது 2023 டிசம்பரில். கிட்டத்தட்ட ஏழு வருஷம். ராபர்ட் கடையைத் திறந்துவைத்துவிட்டுப் பட்டறைக்குள் போய்விட்டார். நடுவில் சரக்கு போட்டது யார்? வாடிக்கையாளர்கள். ராத்திரி பகலாக லெவல் கட்டினார்கள். கூலி? கிரியேட்டர் பாயின்ட் என்று பெயருக்குப் பக்கத்தில் ஒரு எண். அதைக் கொடுத்து ஒரு டீகூட வாங்க முடியாது.

சுரண்டல் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம். ஆனால் கட்டியவர்கள் அப்படிச் சொல்வதில்லை. இரண்டு டாலர் கொடுத்துக் கருவி வாங்கினோம், கட்டினோம், லட்சம் பேர் ஆடினார்கள் என்கிறார்கள். பாட்டுப் போட்ட பொடியன்களில் சிலருக்கு உலகம் முழுக்க ரசிகர்கள் கிடைத்தார்கள். லாபக் கணக்கில் எந்தத் தலைப்பின் கீழ் இதை எழுதுவது என்று கணக்குப் படித்தவர்கள்தான் சொல்ல வேண்டும். நானும் பி.காம்தான், எனக்குத் தெரியவில்லை.

ஆனால் ஓர் ஆபத்து மட்டும் நிஜம். லெவல் இருப்பது ராபர்ட்டின் சர்வரில். பல பாட்டுகள் இருப்பது நியூகிரவுண்ட்ஸில். காப்புரிமைத் தகராறில் ஒரு பாட்டை அங்கே நீக்கிவிட்டால், புதிதாக வருகிறவருக்கு அந்த லெவல் ஊமைப்படம். முட்கள் அதே இடத்தில், அதே நாலு கட்ட இடைவெளியில்தான் நிற்கும். எப்போது குதிக்க வேண்டும் என்று சொல்லத்தான் ஆள் இருக்காது.