தமிழ் ஹிப்ஹாப்: பாட்டு, பெயர், பங்கு

தமிழ் ஹிப்ஹாப் என்பது ராப் எனப்படும் சொல்லிசை, தாளக்கட்டு, மேடை நிகழ்த்துமுறை ஆகியவற்றைக் கொண்டு தமிழில் உருவான இசை வகை. மலேசியாவில் வேர்விட்டு, சென்னை வழியாகத் தமிழ்நாட்டின் சிற்றூர்கள் வரை பரவியது. பெரம்பலூர், அரியலூர் போன்ற மாவட்டங்களில் இன்று ஒரு கைபேசியும் ஒலிவாங்கியும் இருந்தால் ஒருவர் பாடலை வெளியிட்டுவிட முடிகிறது. ஆனால் பாடலை வெளியிடுவது ஒன்று, அதைத் தொழிலாகக் கொண்டு நிலைப்பது வேறொன்று. இவ்விசையின் வரலாற்றில் அடிக்கடி எழுந்த சண்டை சுருதி பற்றியதோ தாளம் பற்றியதோ அல்ல. யார் எழுதியது, யாருடைய பெயர் போட வேண்டும், யாருக்கு எவ்வளவு பங்கு என்பதே.

தொடக்கத்திலேயே வந்த வழக்கு

ஹிப்ஹாப் பிறந்த நாளாக 1973 ஆகஸ்ட் 11 குறிப்பிடப்படுகிறது. அன்று நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் நடந்த விருந்தில் டி.ஜே. கூல் ஹெர்க் இசைத்தட்டுகளைச் சுழற்றினார். ஆறு ஆண்டுகள் கழித்து, 1979-இல், சுகர்ஹில் கேங் குழுவின் 'ராப்பர்ஸ் டிலைட்' வெளிவந்தது. உலகெங்கும் ராப்பைக் கொண்டுசேர்த்த முதல் பெரிய பாடல் அதுதான். அதன் பின்னணித் தாளம் 'ஷிக்' என்ற இசைக்குழுவின் பாடலிலிருந்து எடுக்கப்பட்டது. அக்குழுவின் நைல் ராட்ஜர்ஸ், பெர்னார்ட் எட்வர்ட்ஸ் இருவரும் வழக்கு என்று எச்சரித்த பிறகே அவர்கள் பெயர் ஆசிரியர் வரிசையில் ஏறியது. பாடலின் ஒரு பகுதி கிராண்ட்மாஸ்டர் காஸ் என்ற வேறொரு கலைஞரின் குறிப்பேட்டிலிருந்து வந்தது. காஸின் புனைபெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லும் அடியைக்கூட மாற்றாமல் பாடினார் பாடியவர். காஸுக்குப் பெயரும் இல்லை, பணமும் இல்லை.

பிறர் இசையின் துணுக்கை வெட்டி ஒட்டும் வழக்கத்துக்கு 1991-இல் அமெரிக்க நீதிமன்றம் ஒன்று தடை போட்டது. பிஸ் மார்க்கி என்ற ராப் கலைஞர் கில்பர்ட் ஓ'சல்லிவனின் பாடல் துணுக்கை அனுமதியின்றிப் பயன்படுத்திய வழக்கு அது. அதன்பின் துணுக்குக்கு முன்அனுமதி வாங்குவது அத்துறையின் நடைமுறையாயிற்று.

மலேசியாவிலிருந்து கோயம்புத்தூர் வரை

தமிழ்த் திரையிசையில் ராப் என்ற சொல்லைப் பரவலாக்கியது 'காதலன்' (1994) படத்தின் 'பேட்டை ராப்'. ஏ.ஆர்.ரஹ்மான் இசையில் சுரேஷ் பீட்டர்ஸுடன் தேனி குஞ்சரம்மாளும் பாடினார். தேனி மாவட்டத்து நாட்டுப்புறக் குரலும் சென்னைப் பேச்சும் ஒரே தாளத்தில் உட்கார்ந்த அந்தப் பாடலை விளையாட்டுப் பாட்டாகவே அன்று பலர் எடுத்துக்கொண்டனர்.

தனி இசையாகத் தமிழ் ராப் வளர்ந்தது மலேசியாவில். 1990-களில் 'பொயட்டிக் அம்மோ' குழுவில் ஆங்கிலம், மலாய், தமிழ் எனப் பல மொழிகளில் பாடிய யோகி பி, பின்னர் டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் ஆகியோருடன் 'நட்சத்திரா' என்ற பெயரில் 2006-இல் 'வல்லவன்' தொகுப்பை வெளியிட்டார். அதிலுள்ள 'மடை திறந்து', 'நிழல்கள்' (1980) படத்துக்கு இளையராஜா இசையமைத்த பாடலை அடித்தளமாகக் கொண்டது. தமிழ்நாட்டில் பண்பலை வானொலிகளும் பாடலைக் கொண்டாடின. அதே ஆண்டுகளில் இலங்கையிலிருந்து கிரிஷான் மகேசனும், லண்டனில் 'அருளர்' (2005) தொகுப்பின் மூலம் மாயா அருள்பிரகாசமும் வெவ்வேறு திசைகளில் இயங்கினர். மாயா பாடியது ஆங்கிலத்தில் என்றாலும் ஈழத் தமிழ்ப் பின்னணியை உலக மேடைக்குக் கொண்டுபோனவர் அவர்.

தமிழ்நாட்டில் திருப்பம் ஏற்படுத்தியவர்கள் ஆதி, ஜீவா இணைந்த 'ஹிப்ஹாப் தமிழா' குழுவினர். 2011-இல் இணையத்தில் பரவிய 'கிளப்புல மப்புல' அவர்களை ஒரே இரவில் அறிமுகப்படுத்தியது. பெண்களின் நடத்தையைக் குறைசொல்கிறது என்ற கண்டனமும் அதற்கு எழுந்தது. கண்டனம் நியாயமானதே. 2012-இல் 'ஹிப்ஹாப் தமிழன்' தொகுப்பு வெளிவந்தது. 'ஆம்பள' (2015) படத்தின் மூலம் இசையமைப்பாளர்களாயினர். ஆதி தம் கல்லூரி வாழ்க்கையைத் தழுவி 'மீசைய முறுக்கு' (2017) படத்தை இயக்கி நடித்தார். இசைத் தொழில்முனைவு குறித்த ஆய்வுக்காக 2023-இல் அவர் முனைவர் பட்டம் பெற்றதும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டிய செய்தி. கோயம்புத்தூரிலிருந்து வந்த ஓர் இளைஞர், பாட்டு எழுதுவதோடு பாட்டை எப்படி விற்பது என்பதையும் படிப்பாக எடுத்துக்கொண்டார்.

அடுத்த அலை அரசியல் சார்ந்தது. இயக்குநர் பா.இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசைக்கலைஞர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்', 2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் முதன்முதலாக மேடையேறியது. கானா, பறை, ராப், ராக் எல்லாம் அதில் கலந்தன. பெயருக்கு அடித்தளம் அயோத்திதாசப் பண்டிதரின் 'சாதியற்ற தமிழர்' என்ற கருத்து. இக்குழுவிலிருந்து வெளிப்பட்ட அறிவு, ஆஃப்ரோவுடன் இணைந்து 2019-இல் 'தெருக்குரல்' தொகுப்பை வெளியிட்டார். அறிவின் ஊர் அரக்கோணம். பெருநகரத்தில் பிறந்தால்தான் ராப் வரும் என்ற எண்ணத்தை இவரும் ஆதியும் உடைத்தனர்.

'என்ஜாய் எஞ்சாமி' விட்டுச்சென்ற பாடம்

2021 மார்ச்சில் தீ, அறிவு இருவரும் பாடி, சந்தோஷ் நாராயணன் தயாரிப்பில் வந்த 'என்ஜாய் எஞ்சாமி' யூடியூபில் 40 கோடிக்கும் மேற்பட்ட முறை பார்க்கப்பட்டது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்துத் திரும்பிய மூதாதையர், நிலமற்ற உழவர், அறிவின் பாட்டி வள்ளியம்மாள் ஆகியோரின் நினைவு அதில் இருந்தது. வெளியிட்டது கனடாவைத் தளமாகக் கொண்ட 'மாஜா' நிறுவனம்.

2021 ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழ், 'என்ஜாய் எஞ்சாமி', 'நீயே ஒளி' பாடல்களை முன்வைத்துத் தீ, ஷான் வின்சென்ட் டி பால் இருவரையும் அட்டையில் போட்டது. இரண்டு பாடல்களின் வரிகளையும் எழுதிய அறிவு அட்டையில் இல்லை. பா.இரஞ்சித் உள்ளிட்டோர் கண்டித்தனர். பின்னர் இதழ் அறிவுக்குத் தனி இணைய அட்டை வெளியிட்டது. 2022 ஜூலை 28 அன்று சென்னையில் 44-ஆவது செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அப்பாடல் அறிவு இல்லாமலே நிகழ்த்தப்பட்டது. அதன்பின் தாமே எழுதி, மெட்டமைத்து, பாடியதாக அறிவு பொதுவெளியில் எழுதினார். சந்தோஷ் நாராயணன் தம் பங்கையும் தீயின் பங்கையும் விளக்கி மறுமொழி தந்தார். 2024 மார்ச்சில் அவரே, பாடல் வெளியாகி மூன்றாண்டுகள் ஆகியும் அதிலிருந்து தமக்கோ மற்ற இருவருக்கோ வருவாய் வந்து சேரவில்லை என்று காணொளி வெளியிட்டார். மாஜா தரப்பு அக்குற்றச்சாட்டை மறுத்தது.

யார் பக்கம் நியாயம் என்பது ஒருபுறம் இருக்கட்டும். உலகறிந்த கலைஞர்கள், அனுபவமுள்ள இசையமைப்பாளர், நிறுவனம் எல்லாம் இருந்தும் மெட்டு யாருடையது என்ற கேள்வி பாடல் வெளியான பதினாறு மாதங்களுக்குப் பிறகு தெருவுக்கு வந்தது. வெளியீட்டுக்கு முன் எல்லாரும் ஒப்புக்கொண்டு கையொப்பமிட்ட பங்குத் தாள் இத்தகைய சண்டையைத் தடுக்கவே இருக்கிறது. யார் எத்தனை விழுக்காடு வரி, யார் எத்தனை விழுக்காடு இசை, யார் பெயர் எந்த வரிசையில் என்று எழுதிய ஒரே பக்கம் அது. அரியலூரில் மூன்று நண்பர்கள் சேர்ந்து போடும் பாட்டுக்கும் அது வேண்டும். நண்பர்களிடம் எப்படிக் கேட்பது என்ற கூச்சத்தில்தான் பலர் இதை விட்டுவிடுகிறார்கள். பாட்டு ஓடாதவரை கூச்சம் நீடிக்கும். ஓடிவிட்டால் நட்பு நீடிப்பது கடினம்.

சட்டம் என்ன சொல்கிறது

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-இல் வந்தது. அதன்படி ஒரு பாடலில் குறைந்தது மூன்று தனி உரிமைகள் உண்டு: வரிகள் இலக்கியப் படைப்பு, மெட்டு இசைப் படைப்பு, பதிவான கோப்பு ஒலிப்பதிவு. பாடியவருக்கு நிகழ்த்துநர் உரிமை தனி. திரைப்படப் பாடல்களில் எல்லா உரிமையும் தயாரிப்பாளருக்கே என்ற நிலை 1977-ஆம் ஆண்டு உச்சநீதிமன்றத் தீர்ப்பால் உறுதிப்பட்டிருந்தது. பல்லாண்டு போராட்டத்துக்குப் பின் 2012 திருத்தம் அதை மாற்றியது. மாநிலங்களவை உறுப்பினராக இருந்த பாடலாசிரியர் ஜாவேத் அக்தர் அதற்காக வாதாடினார். இன்று எழுதியவரும் இசையமைத்தவரும் தமக்குரிய சமபங்கு உரிமைத்தொகையை வேறொருவருக்கு எழுதிக்கொடுத்துவிட முடியாது. வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ மட்டுமே தரலாம்.

சிற்றூர்க் கலைஞர் அறிந்திருக்க வேண்டிய இன்னொரு பிரிவு 19. உரிமை மாற்றம் எழுத்தில், கையொப்பத்துடன் இருந்தால்தான் செல்லும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு, இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்று கொள்ளப்படும். ஸ்டுடியோக்காரர் நீட்டும் தாளில் 'நிரந்தரமாக, உலகம் முழுவதும்' என்ற சொற்கள் இருந்தால் அவை சும்மா போடப்பட்டவை அல்ல. வரிகளுக்கும் மெட்டுக்கும் உரிய தொகையைத் திரட்டித் தரும் ஐ.பி.ஆர்.எஸ். சங்கம் 1969-இல் தொடங்கியது. திருத்தச் சட்டத்தின்கீழ் 2017-இல் மீண்டும் பதிவுபெற்றது. அதில் உறுப்பினராகாத எழுத்தாளருக்கு அதன்வழி வரும் தொகை கிடைக்காது.

இரு மாவட்டங்களின் மேடை

திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலிருந்து 1995-இல் பெரம்பலூர் பிரிந்தது. அரியலூர் 2001-இல் தனி மாவட்டமாகி, 2002-இல் மீண்டும் பெரம்பலூருடன் இணைக்கப்பட்டு, 2007 நவம்பர் 23 முதல் மறுபடியும் தனித்து இயங்குகிறது. சின்ன வெங்காயம், மக்காச்சோளம், பருத்தி ஒரு பக்கம். சுண்ணாம்புக்கல் சுரங்கமும் சிமெண்ட் ஆலைகளும் மறுபக்கம். இங்கே ராப் பாடும் இளைஞருக்கு மேடை என்றால் கல்லூரி ஆண்டுவிழா, கோயில் திருவிழா, பொங்கல் விளையாட்டு விழா ஆகியவைதாம்.

திருவிழா மேடையில் இன்னிசைக் குழுவுக்கும் கூத்துக்கும் பறைக்கும் காலங்காலமாக ஒழுங்கு ஒன்று உண்டு. அச்சாரம் வாங்காமல் தேதி தரமாட்டார்கள். வண்டிச் செலவு யாருடையது, சாப்பாடு யார் பொறுப்பு, மழை பெய்தால் என்ன என்பதெல்லாம் பேசி முடித்த பிறகே வெற்றிலை பாக்கு மாறும். இளம் ராப் கலைஞர் பலர் அந்த ஒழுங்கைப் பழமை என்று தள்ளிவிட்டு, 'மேடை கிடைத்தால் போதும்' என்று இலவசமாக ஏறுகின்றனர். தொழில்முறை என்பதைக் கற்க அமெரிக்காவுக்குப் போக வேண்டியதில்லை, பக்கத்து ஊர் நாடகக் குழுத் தலைவரிடமே கேட்கலாம்.

நேரமும் தொழில்முறையின் பகுதி. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்குத் தடை. ஆண்டில் 15 நாட்களுக்கு மிகாமல், விழாக்களுக்கு நள்ளிரவு 12 வரை மாநில அரசு தளர்வு தரலாம். நிகழ்ச்சி நிரலின் கடைசியில் பெயர் உள்ள புதுக்கலைஞர் இதைக் கணக்கில் கொள்ள வேண்டும். முன்னால் பாடுவோர் அரைமணி இழுத்தால் அவருடைய பாட்டுத்தான் வெட்டுப்படும்.

பாடலை மதிப்பிடும்போது

உள்ளூர்ப் பாடல்களை மதிப்பிடுவோர் பெரும்பாலும் 'மாஸ்', 'வேற லெவல்' என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். பாடியவருக்கு அதனால் பயன் ஒன்றுமில்லை. கேட்க வேண்டியவை வேறு: மூச்சு எங்கே உடைகிறது? வேகமாகப் போகும்போது ழகரமும் ளகரமும் நிற்கின்றனவா? எதுகை தாளத்தின் அடியில் விழுகிறதா, தள்ளி விழுகிறதா? குரல் தாளத்துக்குள் புதைந்துவிட்டதா? அருணகிரிநாதரின் சந்தமே ராப்புக்கு மூலம் என்று மேடையில் முழங்குவோர் உண்டு. அந்த வாதம் மிகை. ஆனால் சந்தத்தை வாய்விட்டுப் படிப்பது நாவுக்கு நல்ல பயிற்சி என்பதில் ஐயமில்லை.

பெரிய குறை பொருளில் இருக்கிறது. செந்துறையில் பிறந்தவர் ராயபுரத்துப் பேச்சில் கத்தி, பேட்டை, கெத்து என்று பாடினால் கேட்பவர் நம்பமாட்டார். அறிவின் பாட்டில் பாட்டி வந்தது போல, இங்கேயும் சொல்ல ஆளும் கதையும் உண்டு. சாத்தனூரில் சுமார் 12 கோடி ஆண்டுகள் பழமையான, 18 மீட்டர் நீளக் கல்மரம் கிடக்கிறது. 1956 நவம்பர் 23 அன்று அரியலூர் அருகே மருதையாற்றில் ரயில் கவிழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். ஜெயங்கொண்டம் பழுப்பு நிலக்கரித் திட்டத்துக்கு 1990-களில் நிலம் எடுக்கப்பட்டு, திட்டம் வராமலே ஆண்டுகள் ஓடின. நிலம் தந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று பாட்டெழுதும் வயதில் இருக்கிறார்கள்.

தாளம் குறித்தும் ஒரு சொல். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் தாளத்தில், அதை உருவாக்கியவரின் குரல் முத்திரை இடையிடையே ஒலிக்கும். உள்ளூர் வெளியீடுகள் சிலவற்றில் அந்த முத்திரையும் அப்படியே கேட்கிறது. பணம் கட்டவில்லை என்பதற்கு அதைவிட வேறு சாட்சி தேவையில்லை. குத்தகை முறையில் வாங்கிய தாளத்துக்கும் இத்தனை முறைதான் ஒலிக்கலாம் என்ற வரம்பு இருக்கும். இளையராஜா பாட்டுத் துணுக்கை எடுப்போர், 2024-இல் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' படத் தயாரிப்பாளர்களுக்கு அவர் தரப்பிலிருந்து வழக்கறிஞர் அறிவிக்கை போனதை மறக்கலாகாது. உரிமை கோரல் வந்தால் யூடியூபில் அப்பாடலின் வருவாய் கோரியவருக்குப் போகலாம், பாடலே நீக்கப்படவும் கூடும்.

வருவாய்க் கணக்கும் எளிதன்று. யூடியூப் விளம்பரப் பங்கு பெற 1,000 சந்தாதாரரும், பன்னிரண்டு மாதங்களுக்குள் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். மூன்று நிமிடப் பாட்டு ஒன்றை மட்டும் வைத்திருப்பவருக்கு அது முழுமையாக 80,000 முறை கேட்கப்பட வேண்டும் என்று பொருள். அதுவரை கையில் காசு தருவது மேடைதான். மாவட்டக் கலை மன்றம் 18 வயதுக்கு உட்பட்டோருக்குக் கலை இளமணியும், 19 முதல் 35 வயதினருக்குக் கலை வளர்மணியும் வழங்குகிறது. விண்ணப்பத்துடன் நிகழ்ச்சிச் சான்றுகளும் கேட்கப்படுவதால், பாடிய ஒவ்வொரு மேடையின் அழைப்பிதழையும் துண்டறிக்கையையும் ஒரு கோப்பில் சேர்த்துவைப்பது நல்லது.