மூன்று வயதுப் பத்திரிகை

போன பொங்கலுக்கு வடலூர் வந்திருந்தபோது, சட்டம் படிக்கும் சித்தி மகள் லேப்டாப்பை விட்டு நகரவே இல்லை. யாரோ ஒரு பேராசிரியர் எழுதிய கட்டுரையின் அடிக்குறிப்புகளை ஒவ்வொன்றாக மூலத்தோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"ஜர்னலை நீங்களேவா நடத்துறீங்க?"

"ஆமாண்ணா. எதைப் போடணும், எது வேணாம்னு நாங்கதான் முடிவு பண்ணுவோம்."

டிரெய்னிகள் சேர்ந்து ஆர்க்கிடெக்ட்டின் கோடை ரிவ்யூ செய்கிற மாதிரி. மற்ற துறைகளில் இது வல்லுநர்களின் வேலை. சட்டத்தில் இந்த வழக்கத்துக்குப் பெரிய முன்மாதிரி, 1887இல் மாணவர்கள் தொடங்கிய 'ஹார்வர்டு லா ரிவ்யூ'.

அதற்கு மூன்று வயதானபோது, 1890 டிசம்பரில், சாமுவேல் வாரன், லூயிஸ் பிராண்டைஸ் என்ற இரண்டு பாஸ்டன் வக்கீல்களின் கட்டுரை அதில் வந்தது. கேமராவும் வம்புச் செய்திகளும் வீட்டுக்குள் நுழையத் தொடங்கிய காலம். அவதூறுச் சட்டம் ஒருவரின் பெயரைத்தான் காக்கிறது; உண்மையையே அம்பலப்படுத்தினாலும் மனசு காயப்படுமே, அதற்கு என்ன பரிகாரம் என்று கேட்டார்கள். நீதிபதி தாமஸ் கூலியின் ஒரு சொற்றொடரை எடுத்துக்கொண்டார்கள்: ஒருவரை அவர் பாட்டுக்கு விட்டுவிடும் உரிமை.

அந்தச் சொற்றொடர் நம்ம ஊருக்கும் வந்தது. தூக்குத் தண்டனைக் கைதி ஆட்டோ சங்கரின் சுயசரிதையை நக்கீரன் வெளியிட முனைந்தபோது, சிறை அதிகாரிகள் எதிர்த்தார்கள். 1994இல் உச்ச நீதிமன்றம் சொன்னது: பொது ஆவணங்களில் இருக்கிற அளவுக்கு அவர் அனுமதி இல்லாமலே வெளியிடலாம், அதைத் தாண்டினால் அவருடைய அந்தரங்கத்தில் நுழைவதாகலாம். அதிகாரிகளால் முன்கூட்டியே தடுக்க முடியாது. கொலைக் கைதிக்கும் அந்தரங்கம் உண்டு, பத்திரிகைக்கும் சுதந்திரம் உண்டு.

2017 ஆகஸ்ட் 24 அன்று, புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். தீர்ப்பில் அந்த 1890 கட்டுரையும் பேசப்படுகிறது.

அதற்குக் கொஞ்ச காலம் முன்புதான் நான் ஒரு மொபைல் ஆப்பில் வேலை பார்த்தேன். பயனரின் கான்டாக்ட்ஸ் முழுவதையும் எங்கள் சர்வருக்கு அனுப்பும் கோடு என்னுடையது. அது ஆப்புக்குத் தேவையே இல்லை. ரிவ்யூவில் ஒரு வேரியபிள் பெயரை மாற்றச் சொன்னார்கள். எதற்கு எடுக்கிறோம் என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

இரவு பதினொன்றுக்கும் தங்கை ஒரே அடிக்குறிப்பில் நின்றுகொண்டிருந்தாள். "விட்டுத் தொலையேன், யார் பார்க்கப் போறாங்க?" என்றேன்.

"பக்கம் தப்பா இருக்குண்ணா. நாளைக்கு ஒரு ஜட்ஜ் இதை நம்பி எடுத்துட்டா?"

நான் அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை.