வரி என்னும் எல்லை: பெர்ல் மொழியும் தமிழ் மின்னூல் தேடலும்

ஒரு நூலில் ஒரு சொல் இல்லை என்பது கனமான கூற்று. அகராதியும் காலக்கணிப்பும் அதன்மேல் எழுகின்றன. இன்று அக்கூற்றுக்குப் பெரும்பாலும் கணினித் தேடலே சான்றாகின்றது. அத்தேடலின் அலகு யாது என்பதை வரலாற்று முறையில் ஆராய இக்கட்டுரை முயல்கின்றது.

ஓலைச்சுவடியில் செய்யுள், அடிப்பிரிப்பின்றி ஓலையின் விளிம்புவரை தொடர்ந்து ஓடும். அடிகளை வரிகளாகப் பிரித்துக் காட்டியவை அச்சுப் பதிப்புகளே. கணினியின் தேடற்கருவிகளும் வரியையே அலகாகக் கொண்டு பிறந்தன. 1970-களின் முற்பகுதியில் பெல் ஆய்வகத்தில் யூனிக்சுடன் வளர்ந்த கிரெப், செட் ஆகியவை ஒரு நேரத்தில் ஒரு வரியையே படித்தன. நினைவகம் சுருங்கியிருந்த அக்காலத்திற்கு அது தக்க சிக்கனம்.

மொழியியல் பயின்ற லாரி வால் 1987-இல் வெளியிட்ட பெர்ல், கோப்பு முழுவதையும் ஒரே சரமாக ஏற்க எளிய வழி தந்தது. 1994-இல் வந்த ஐந்தாம் பதிப்பு, எவ்வெழுத்தையும் குறிக்கும் புள்ளி வரிமுறிவையும் தழுவுமாறு செய்யும் விருப்பக்குறியையும், இயன்ற அளவு குறுகிய பகுதியோடு நிறைவுறும் பொருத்தத்தையும் அளித்தது.

1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம் போன்ற முயற்சிகளால் பழந்தமிழ் நூல்கள் மின்வடிவு பெற்றபோது இதன் பயன் புலனாயிற்று. யாப்பு நோக்கி ஒரு சொல் இரண்டு அடிகளில் பிரிந்து நிற்குமாயின், வரிவாரியான தேடல் அதனைக் காணாது. எழுத்துகளுக்கிடையே இடைவெளியும் வரிமுறிவும் வரலாம் என்று வடிவத்தில் குறித்தால் அது அகப்படும். ஒருங்குறியில் அகரமல்லாத உயிர்மெய், அகரமேறிய மெய்யெழுத்தும் உயிர்க்குறியுமாக அமைவதால், இவ்விடைவெளியை முழு எழுத்துகளுக்கு நடுவில் மட்டுமே இசைவிக்க வேண்டும்.

மாற்றீடு இதனினும் அச்சம் தருவது. பதிப்பாசிரியர் பகர அடைப்புக்குள் இட்ட குறிப்புகளை நீக்க யான் ஒருமுறை எழுதிய நிரல், குறுகிய பொருத்தத்தைக் கோர மறந்தமையால், முதல் அடைப்பின் தொடக்கம் முதல் இறுதி அடைப்பின் முடிவு வரை இடைப்பட்ட பாடல்கள் அனைத்தையும் விழுங்கிற்று. மூலக்கோப்பின் படி வேறாக இருந்தமையால் நூல் பிழைத்தது.

ஆகவே தேடல் வரிகளைக் கடக்கலாம். மாற்றீடு மூலத்தைத் தொடலாகாது. திருத்தம் புதிய கோப்பிலேயே எழுதப்பட வேண்டும். ஏடு பெயர்த்தோர் பாடவேறுபாடுகளைக் குறித்து வைத்தது போல, திருத்திய நிரலையும் நூலகங்கள் மின்னூலுடன் பேணுதல் வேண்டும். சொல் இல்லை என்போரும், எவ்வாறு தேடினர் என்பதை உடன் கூறுதல் கடன்.