வேலி தாண்டிய குரல்

1990களில் ஊர்ச் செய்தி கேட்கவென்று வானொலியைச் சுற்றியிருந்த எமக்கு நிருபரின் குரல் பெரும்பாலும் தொலைபேசியூடாகவே வந்தது. தகரப் பேணிக்குள்ளிருந்து கதைப்பது போன்ற அந்தக் குரலைத் தூரத்தின் குற்றமென்றே நினைத்திருந்தோம். உண்மையில் அது கணக்குப் பார்த்து வெட்டப்பட்ட குரல்.

ஒரே கம்பியில் பல உரையாடல்களை அடுக்கி அனுப்பும் முறையில் ஒவ்வொன்றுக்கும் 4000 ஹேர்ட்ஸ் இடமே ஒதுக்கப்பட்டது. அதற்குள் 300 தொடக்கம் 3400 வரையான ஒலி மட்டுமே கடந்தது. சொல் விளங்கினால் போதும் என்பது தொலைபேசிக்காரரின் நியாயம். ஆனால் ஆண்குரலின் அடிச்சுருதி 100 ஹேர்ட்ஸை அண்டியது. பெண்குரலினது 200ஐ அண்டியது. இரண்டும் வாசலிலேயே நின்றுவிட்டன.

வானொலி நிலையங்கள் நல்ல ஒலிக்கெனத் தனி இணைப்புகளை வாடகைக்கு எடுத்தன. அவை நகர மண்டபங்களுக்குக் கிடைக்கும். போர் நடக்கும் ஊருக்குக் கிடையா. அங்கே நிருபர்கள் தொலைபேசியின் வாய்ப்பகுதியைத் திருகிக் கழற்றி, கரித்துகள் ஒலிவாங்கியை அகற்றி, ஒலிப்பதிவுக் கருவியின் கம்பிகளைக் கவ்விகளால் பொருத்தினர். கரகரப்புக் குறைந்தது, 300இன் வேலி அப்படியே நின்றது.

1970களில் வானொலிகள் கையாண்ட ஒரு கருவி அந்த வேலியை ஏமாற்றியது. அது முழு ஒலியையும் 250 ஹேர்ட்ஸ் உயர்த்தி அனுப்பும். கலையகத்தில் இன்னொரு கருவி அதே அளவு இறக்கும். 50 ஹேர்ட்ஸ் ஒலி 300ஆகி உள்ளே நுழைந்துவிடும். உச்சியில் 250 ஹேர்ட்ஸ் இழப்புத்தான். ஆனால் காது ஒலியை மடங்குகளில் அளக்கிறது. கீழே கிடைத்தது இரண்டரை ஸ்தாயி. மேலே போனது ஒரு ஸ்தாயியின் ஒன்பதிலொரு பங்கு. குரலுக்கு நெஞ்சு திரும்பி வந்தது.

பின்னர் ஒலியை இரண்டு மூன்று இணைப்புகளில் பங்கிட்டு அனுப்பினர். 1988இல் வகுக்கப்பட்ட ஒரு குறியீட்டு முறை, ஐ.எஸ்.டி.என். இணைப்பில் 7000 ஹேர்ட்ஸ் வரை கொண்டு சென்றது. 1994இல் செக்கனுக்கு 28,800 பிட் அனுப்பும் மோடெம் தரம் வந்தது. அதன்பின் சாதாரண இணைப்பிலும் ஒலியை எண்களாகச் சுருக்கி அனுப்ப முடிந்தது.

இன்று கைத்தொலைபேசியே பழைய தனி இணைப்பின் வேலையைச் செய்கிறது. ஆனால் பிபிசிக்குச் செய்தி அனுப்பிவந்த மயில்வாகனம் நிமலராஜன் 2000 ஒக்ரோபர் 19இல் யாழ்ப்பாணத்தில் தம் வீட்டில் கொல்லப்பட்டார். அந்தக் காலத்து நிருபர்களில் வேறு பலரும் இன்றில்லை. எஞ்சியிருப்பவை எங்கள் பெட்டிகளிலுள்ள ஒலிநாடாக்கள். தொலைபேசி அன்று வெட்டியதை இனி எந்தக் கருவியும் ஊகிக்கலாமே தவிர, மீட்டுத்தர முடியாது. எஞ்சியதையாவது பழுதாகுமுன் படியெடுத்து வைப்போம்.